கரையில் ஒரு பங்கு

மழை பிடித்தால் சுனில் வேலைக்குப் போக மாட்டான், ஏரிக்குப் போவான். யார் ஊர் ஏரி? காளஹஸ்தி தாண்டி, பஸ் போகிற வழியில் கிடக்கிற ஏதோ ஒரு ஊர் ஏரி. அங்கே இவனுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

திருப்பதித் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த அவன் அக்கா ஹரிதாவுக்குப் போன் வந்தது. அவனோடு கம்பெனியில் வேலை செய்யும் லோகேஸ்வரன்.

"அக்கா, இன்னிக்கும் சுனில் வரலன்னா வேலைய வுட்டு தூக்கிடுவேன்றாரு சூப்பர்வைசர். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் அந்த ஏரி வழியாத்தான் போவும். எப்படியாச்சும் ஏத்தி வுட்டுடு."

இது அவனுக்கு மூன்றாவது வேலை. இதுவும் போனால் பையன் மூலையில் சுருண்டுகொள்வான், அப்புறம் எழுப்ப முடியாது. ஹரிதா கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பாலம் வந்தபோதெல்லாம் கண்ணை இறுக்கிக்கொண்டாள். நிரம்பிய அண்டாவைக்கூட அவளால் பார்க்க முடியாது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் அவர்கள் ஊர் ஏரி உடைந்தது. மாட்டை அவிழ்க்கப் போன அம்மா திரும்பவில்லை. ஊரே திசைக்கொன்றாகச் சிதறியது. அந்த ஊரில் மழைக்காலத்தில் கரையை வீட்டுக்கு வீடு பங்கு பிரித்துக்கொள்வார்கள். தன் பங்கில் நண்டு வளை இருந்தால் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைக்க வேண்டும். விட்டால் அது வழியாகத் தண்ணீர் கசிந்து கரையையே தின்றுவிடும். இவர்கள் வீட்டுப் பங்கு சுனிலின் பொறுப்பு. ஏரி உடைந்தது அவன் பங்கில் இல்லை; அந்தக் கோடியில், மதகுப் பக்கம். எத்தனை பேர் சொல்லியும் அது அவன் மண்டையில் ஏறவில்லை, பாவி.

அவள் போய்ச் சேர்ந்தபோது சுனில் கரைச் சரிவில் மண்டியிட்டு ஒரு வளைக்குள் மண்ணைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எழுந்துருடா. பஸ் வந்துடும்."

"இன்னும் பாதி கீதுக்கா. இந்த ஊருல ஒருத்தரும் பாக்க மாட்டன்றாங்க."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"கீழ பாரு. மாடு கட்டிக் கீறாங்க."

சட்டையைப் பிடித்து இழுத்துப் போகத்தான் வந்திருந்தாள். கரைக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை, அதில் செவலை மாடு. அதன் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோட்டில் ஹாரன் கேட்டது.

"நீ போ. மீதிய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"நீயா? ஒனக்குத் தண்ணியே ஆவாதே."

"இருட்டுற வரைக்கும் இங்கியே கீறேன். போடா."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "ஈரம் கசியுதான்னு கைய வெச்சுப் பாக்கணும்க்கா. கண்ணு ஏமாத்திடும்."

அவனை ஏற்றிக்கொண்டு பஸ் போனதும் திரும்பினாள். கரை தொட்டு ஏரி தளும்பியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடினால் வளை எப்படித் தெரியும்? திறந்துகொண்டு, தவழ்ந்தே போனாள்.

ஆடு ஓட்டி வந்த ஒருவர் நின்றார். "எந்த ஊரும்மா நீ? எங்க ஏரியில இன்னா பண்ணிக்கினு கீற?"

சொல்ல அவளுக்கு ஊர் இல்லை.

"இது எங்க பங்குண்ணா," என்றாள்.

போன் அடித்தது. சுனில். "ஈரமா கீதாக்கா?"

"காஞ்சி கீது. நீ வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டு மறுபடியும் உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். ஈரமாகத்தான் இருந்தது. மழை ஈரமா, ஏரி ஈரமா என்று தெரியவில்லை. கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.