நீதிபதி வண்டியின் நிஜ நிறம்

ஓய்வு பெற்ற நீதிபதி தன் அப்பாவின் பழைய காரைப் பட்டறையில் விட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"வாங்கின அன்னைக்கு என்ன கலரோ அதேதான் வேணும். கண்காட்சியில வைக்கப்போறேன். ஆதாரம் இல்லாம அடிக்கக் கூடாது."

பெயிண்டருக்கு வாயெல்லாம் பல். முப்பது வருஷத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். இரண்டு நாள் உட்கார்ந்து, ஈர உப்புத்தாளால் கதவோரத்தைத் தேய்த்தார். மேலே சிவப்பு, அதன்கீழ் நீலம், கடைசியில் குட்டைப் பாசி போல ஒரு பச்சை. கதவு ரப்பரை உரித்தார். வெயிலே படாத அந்த இடத்திலும் அதே பச்சை, நேற்று அடித்தது மாதிரி பளபளத்தது. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் அதுவே.

பார்க்க வந்த நீதிபதியின் முகம் சுருங்கியது. "எங்கப்பா இந்தக் கண்றாவியையா வாங்கியிருப்பார்? முத்து வெள்ளை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வெள்ளை ஒரு கோட்கூட இல்லீங்க ஐயா."

கூட வந்திருந்த அக்கா குனிந்து பார்த்தார். "இதேதான்டா. இந்தக் கலரை யாருமே சீந்தலைன்னு விலை குறைச்சுக் கொடுத்தாங்க."

"அக்கா, உனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு."

"கண்ணுக்குத்தான்டா ஆபரேஷன். வண்டி வாங்கினப்போ எனக்கு ஒன்பது வயசு. நீ தொட்டில்ல கிடந்தே!"

சாட்சியம் தள்ளுபடியானது. பெயிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு முத்து வெள்ளை அடித்தார். ஸ்டெப்னிக்கு அடியில் மட்டும் மனசு கேட்கவில்லை. உள்ளங்கை அகலப் பச்சையை அப்படியே விட்டுவைத்தார்.

கண்காட்சிக்கு அக்காவும் பெயிண்டரும் கூடப் போயிருந்தார்கள். நடுவர் ஸ்டெப்னியைத் தூக்கியதும் புருவத்தை நெரித்தார். "இது என்ன?"

"பட்டறையில எதையோ கொட்டிட்டாங்க" என்றார் நீதிபதி, பெயிண்டரை முறைத்தபடி.

"அதுதான்யா ஒரிஜினல்!" என்று அக்கா குறுக்கே புகுந்தார்.

"வயசானா ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்மா" என்று நடுவர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சீட்டில் எழுதினார்: 'முதல் பரிசு. அசல் நிறம் அப்படியே மீட்கப்பட்டுள்ளது. டிக்கியிலுள்ள போலிப் பச்சையை மட்டும் அகற்றவும்.'

அதை அகற்ற முடியாது என்று பெயிண்டர் கையை விரித்துவிட்டார். பக்கத்துப் பட்டறைக்காரர் பத்தே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இன்னொரு பழைய கார் வந்து நின்றது.

"நீதிபதி வண்டிக்கு அடிச்சீங்களே, அதே ஒரிஜினல் வெள்ளை வேணும்."

பெயிண்டர் உப்புத்தாளைக் கையில் எடுத்தார். "உங்க வண்டி முதல்ல என்ன கலருங்க?"

"அது எதுக்கு? பரிசு வாங்கின ஒரிஜினல் போதும்."

பெயிண்டர் உப்புத்தாளை வைத்துவிட்டு வெள்ளை டின்னைத் திறந்தார்.