தெரியோ வீட்டுப் பெல்லட் அடுப்பு

நோரீன் தெரியோவின் இடது தோளில் உறைபனி படியத் தொடங்கியது செப்டம்பர் பதினான்காம் தேதி, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. வெளியே நல்ல வெயில். கார்ல்டன் மில்ஸ் முழுக்க உருளைக்கிழங்கு தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் ரோலண்ட் மாவுதான் ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டான். காப்பி ஆறுவதற்குள் மறுபடி வெள்ளை பூத்துவிட்டது. மாதக் கடைசியில் அது முழங்கை வரை இறங்கியிருந்தது. ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தபால் அலுவலகத்தில் அவள் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு வைத்தார்கள், தேவாலயத்தில் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். மருத்துவர் மட்டும் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, கையில் வேகமாக இறங்கினாலும் உடம்புப் பக்கமாக வாரத்துக்கு ஒரு விரற்கடைதான் நகர்கிறது, ஆனாலும், கிறிஸ்துமஸுக்குள் நெஞ்சுக்கு வந்துவிடும், வந்தால் மூச்சு உறைந்துபோகும் என்றார். வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அவரிடம் மருந்து எதுவும் இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். மார்ச் கடைசியில், குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிசைகளைக் கரைக்கு இழுத்துவிட வேண்டிய கடைசி நாளில், அவர்களுடைய ஒரே மகன் டாரன் தன் குடிசையை இழுக்கப் போனான். இருபத்தாறு வயது. பனிக்கட்டி தாங்கும் என்று சொல்லி அனுப்பியவன் ரோலண்ட்தான். தாங்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து நோரீன் உப்பு, சாவி, மழை என்று தேவைக்கு மட்டும் பேசினாள். மகன் பேரைச் சொல்லவே இல்லை. புருஷனை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. முப்பது வருஷம் வாயாடியவளோடு குடித்தனம் செய்தவனுக்கு அந்த மௌனத்தை எப்படித் தாங்குவதென்று தெரியவில்லை. பாவம், கொட்டகையில் போய் நின்றுகொண்டு தன்னைத் தானே திட்டிக்கொள்வான்.

சுவருக்குள் கட்டிய அந்த வீட்டுக் கணப்பு பார்க்கத்தான் அழகு. எரிகிற விறகின் சூட்டோடு வீட்டுச் சூட்டையும் சேர்த்துப் புகைபோக்கி வழியே மேலே உறிஞ்சிவிடும். அதற்குள் செருகிவைக்கிற பெல்லட் அடுப்பு ஒன்று வாங்கினால் வீட்டில் சூடு நிற்கும் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டு எரிக்கும், சூட்டை விசிறி வைத்து முகத்தில் ஊதும். புதிதாக வாங்க வழியில்லை. நாற்பது மைல் தள்ளி மெர்ல் ஹாஸ்கெல் என்ற கிழவர் தன்னுடையதை விற்பதாகக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தார். அந்த ஊர்ப் பக்கம் அடுப்பை எரித்துக் காட்டாமல் யாரும் விற்பதில்லை, எரிவதைப் பார்க்காமல் யாரும் வாங்குவதுமில்லை. ரோலண்ட் போனதும் கிழவர் அடுப்பைப் பற்றவைத்தார், இரண்டு பேரும் அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எரிவதைப் பார்த்தார்கள். கடைசியில் கிழவர் கேட்டார்.

"யாருக்குப்பா குளிருது? உனக்கா, வீட்டுக்காரிக்கா?"

"அவளுக்குத்தான் பெரியவரே."

"அப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இது வீட்டைத்தான் சூடாக்கும். மிச்சத்துக்கு என்னைக் கேக்காதே."

ரோலண்ட் தலையாட்டிவிட்டு, கணப்பின் வாயை அளந்து வந்திருந்த சீட்டைப் பார்த்தான். அகலம் சரி, உயரம் சரி. காசைக் கொடுத்து, நானூறு பவுண்டு இரும்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆள் வைத்துப் பொருத்துவது அவன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. கூரையேறிப் புகைபோக்கியைத் துடைத்தான், புகைவழியை அடைக்கும் பழைய இரும்புக் கதவை அறுத்து எடுத்தான், உச்சியிலிருந்து எஃகுக் குழாயை இறக்கினான். இதற்கே நவம்பர் பாதி போய்விட்டது. பனி அவள் காறை எலும்பைத் தாண்டியிருந்தது. பிறகு அடுப்பைத் தள்ளினான். முக்கால்வாசி போய் முட்டி நின்றது. மறுபடி தள்ளினான். அந்தக் காலத்துக் கணப்புகள் உள்ளே போகப் போகக் குறுகும். அவன் வாயை மட்டும்தான் அளந்திருந்தான். மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நோரீன் போர்வையோடு வந்து அதைப் பார்த்தாள்.

"பின்பக்கம் அளந்தியா?"

அவன் அடுப்பை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தான்.

"கூறுகெட்ட மனுசா, கேக்குறேன்ல! முன்னால மட்டும் அளந்துட்டு வந்து நிக்கிறியா? அன்னைக்கும் கரையோரமாத்தானே பனிக்கட்டியில ஓட்டை போட்டுக் கனத்தை அளந்தே? நடு ஏரிக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்தியா? டாரன் நம்பிப் போனான்யா. அப்பா அளந்துட்டாருன்னு நம்பித்தானே எம்புள்ள போனான்!"

"ஆமா," என்றான் ரோலண்ட். அடுப்பின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "கரையோரமாத்தான் அளந்தேன். பன்னெண்டு அங்குலம் இருந்துச்சு. குளிரு அடிச்சுது, அதோட திரும்பிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியும்யா. ஓட்டையைப் போய்ப் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் அவனைத் திட்டினாள். இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்துத் திட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு அழுதான். அவள் திட்டத் திட்டப் பனி இளகி, விரல் நுனி வழியாக ஒழுகி, கணப்பின் முன்னாலிருந்த கல்லில் தேங்கியது. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஒழுகியது. ஒன்பது வாளி என்று ரோலண்ட் பிறகு மருத்துவரிடம் சொன்னான். மருத்துவர் குறித்துக்கொண்டார். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவே இல்லை.

மறுவாரம் அதைப் பற்றவைத்தார்கள். நீட்டிக்கொண்டிருந்த மூன்று அங்குலத்தை மறைக்கத் தகட்டில் ஒரு சட்டம் வளைத்து அடித்தான். வீடு நன்றாகவே சூடாயிற்று. இப்படிப் புகைவழியை அறுத்த கணப்புக்குள் ஒரு சின்ன உலோகப் பட்டை பதிக்க வேண்டும் என்பது சட்டம்: இந்தக் கணப்பு மாற்றப்பட்டது, இனிப் பழையபடி இதில் நெருப்பு மூட்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ரோலண்ட் முழங்காலிட்டு அதைத் திருகிக்கொண்டிருந்தபோது நோரீன் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"எம்மேலயும் ஒண்ணு அடிச்சிடு," என்றாள்.

"எனக்கும் சேத்து ரெண்டா வாங்கியிருக்கணும்," என்றான் அவன்.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. நோரீன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், வாயாடிக்கொண்டும் இருந்தாள். இடது தோளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை மட்டும் கரையவில்லை. ஜூலை வெயிலிலும் கரையவில்லை. மருத்துவர் அளப்பதை நிறுத்திவிட்டார். கட்டிலில் அதுவரை அவளுக்கு வலப்பக்கம் படுத்து வந்த ரோலண்ட் இடப்பக்கம் மாறிக்கொண்டு, அந்தத் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கினான். காலையில் கன்னம் மரத்துப்போயிருக்கும். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவான்.