நாற்காலியில் உட்காராதவர்கள்

1

ஒளிவுமறைவு எதற்கு? இந்தக் கதை ஒட்டுக்கேட்டுப் பிடித்தது. திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில், “நாம சாப்பிடுற ரூம நானே புடுங்கிக் குடுத்துட்டேன்டி!” என்றாள், அழாத குறையாக. அதோடு இறங்கிவிட்டாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘கரிசல் வெயிலில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று...’

[வேண்டாம். வெயிலைப் பற்றி எழுதாத ஆளே இந்தப் பக்கம் கிடையாது.]

அவளுக்குத் தங்கச்செல்வி என்று பெயர் வைக்கிறேன். பாலவனத்தம் பக்கம், வெளியூர் ஆஸ்பத்திரிகளின் பில் சரிபார்க்கும் ஆபீஸ். அங்கே சென்சார்களுக்குப் பொறுப்பு அவள். ஆள் உட்கார்ந்தால் விளக்கு எரியும். எந்த இடம் சும்மா கிடக்கிறது என்பதும் தெரியும். சாப்பாட்டு அறையில் நாற்காலிகளுக்கு அடியில் தன் கையாலேயே சென்சார் மாட்டினாள். மூன்று மாதம் கழித்து அவள் அனுப்பிய அறிக்கை: யாருமே உட்காரவில்லை. சென்னைத் தலைமை ஆபீஸ் உத்தரவு போட்டது: அறையை எடுத்துவிட்டு வேலை மேசை போடுங்கள்.

அட கூறுகெட்டவளே! நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு, தரையில் வட்டமாக உட்கார்ந்து, குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிச் சாப்பிடும் கூட்டத்தில் நீயும்தானே ஒருத்தி!

(வரைபடத்தில் நாற்காலி இருந்தது, அதில் சென்சாரை மாட்டிவிட்டாள். நானும் அப்படித்தான். கதைக்கு வரைபடம் போட்டுவிட்டு ஆட்களைக் கோட்டை விடுவேன்.)

3

இந்த இடத்தில் அவளை அழவைக்க நினைத்து, ‘தங்கச்செல்வியின் கண்கள்...’ என்று ஆரம்பித்தேன். ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டு பாண்டீஸ்வரி விடவில்லை.

“அடியே, அழுதா ரூம் வந்துருமா? ஒன் மெசின்ல வேற எதும் தெரியாதா?”

தெரிந்தது. கூரையில் காற்றைச் சோதிக்கும் சென்சார் ஒன்று உண்டு. அந்த அறையில் தினமும் ஒரு மணிக்கு, ஆட்கள் மூச்சுவிட்ட காற்று குபீரென்று ஏறி, ஒன்றே முக்காலுக்கு இறங்கியிருந்தது.

வீடியோ கூட்டத்தில் மேலாளர் இம்மானுவேல் நெளிந்துகொண்டிருக்க, தங்கச்செல்வி சென்னைக்கு அந்தக் காற்றின் ஏற்ற இறக்கப் படத்தைக் காட்டினாள்.

“தப்பு என் மேலதான் சார். நாற்காலியக் கேட்டேன், ஆளில்லன்னுச்சு. காத்தக் கேட்டேன், கூட்டமா இருக்காகன்னு சொல்லுது. நாப்பது பேரு சார், தரையில இருக்கோம்!”

அந்தப் பக்கம் இருந்த பெரிய அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப நாற்காலிய எடுத்துருவோம்மா. ரூம் இருக்கட்டும்.”

ஜெயித்துவிட்டாள்! எழுதிக்கொண்டிருந்த நான் மேசையைத் தட்டியதில் காப்பி கொட்டிவிட்டது. கொட்டினால் கொட்டட்டும்.

4

முடிவுகள் இரண்டு எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். ஒன்றில் அவளுக்குப் பதவி உயர்வு. இன்னொன்றில் அதிகாரி நேரில் வந்து பாராட்டுகிறார். இரண்டும் அவள் கேட்டதில்லை.

மணி ஒன்று. புதுப் பாய் விரித்தாயிற்று. “தள்ளி உக்காருங்கடி, எடம் விடுங்க” என்கிறாள் தங்கச்செல்வி. யாருக்கு என்று நான் எழுதவில்லை. கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.