வெள்ளிக் கால்

மாதா கோயில் வாசலில் நேர்ச்சை உருவங்கள் விற்கும் ராமர் அண்ணாச்சியிடம், போன வாரம் நேர்ந்து வாங்கி இன்னும் செலுத்தாமல் வைத்திருந்த வெள்ளிக் காலைத் திரும்ப நீட்டினாள் எமில்டா.

“இத மாத்திக் குடுப்பியளா அண்ணாச்சி?”

“ஏம்மா, கால் சொகமாயிட்டா?”

“காலுக்கு ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சுல கோளாறு.”

“நெஞ்சுக்கு எதுக்கும்மா கால் வாங்குனிய?”

அதுதான் இப்போது அவளுக்கும் விளங்கவில்லை. புருஷன் ரெக்சன் கடலடிக்கு இறங்கிச் சங்கு குளிக்கிறவன். படகில் வைத்து நெஞ்சு தறிகெட்டு அடித்துச் சாய்ந்துவிட்டான். தொடை நரம்பு வழியாக ஒயரை விட்டு, இதயத்தில் கோளாறு பண்ணும் இடத்தைச் சுட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கால் வழியாகத்தானே போகிறார்கள், காலை மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்று இவளாகக் கணக்குப் போட்டாள். மாதாவும் பார்த்துக்கொண்டாள். காலில் ஒரு வீக்கம்கூட இல்லை. ஒயர்தான் போய்ச் சேரவில்லை.

வயிற்றிலிருந்து இதயத்துக்கு நேரே ஏறவேண்டிய பெரிய ரத்தக்குழாய் ரெக்சனுக்குப் பிறவியிலேயே இல்லையாம். ரத்தம் வேறு வழியாகச் சுற்றிப் போகிறதாம். நாளைக்குக் கழுத்து வழியாக இறங்கிப் பார்க்கிறார்கள். அதுவும் ஆகாவிட்டால், அடுத்த தடவை அப்படி அடிக்கும்போது நெஞ்சு நின்றுவிடவும் கூடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

எமில்டாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குள் ஒரு வழியே இல்லாமல் இருந்திருக்கிறது. அவனோ கட்டிலில் கிடந்து சிரித்தான். “மேலருந்து கீழ எறங்குதது நமக்கு என்ன புதுசா ஏளா?” சிரித்தவன் அவள் கையை மட்டும் விடவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“கழுத்து கெடைக்குமா?” என்று கேட்டாள்.

“கழுத்து தனியா வாரதில்லம்மா. தலை இருக்கு, நெஞ்சு இருக்கு” என்று தட்டைத் தள்ளினார் அண்ணாச்சி.

தலையை எடுத்தாள், வைத்தாள். நெஞ்சை எடுத்தாள். நெஞ்சைக் கேட்டால் வழியை யார் பார்ப்பது? வழியைக் கேட்டால் நெஞ்சை விட்டது போலாகாதா? மாதாவுக்குத் தெரியாததா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் போன தடவை காலைக் கேட்டாள், கால்தான் கிடைத்தது.

“முழு ஆளா இருக்கா அண்ணாச்சி?”

அவர் பெட்டியின் அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மனிதன். திருப்பிப் பார்த்தாள். தகட்டில் அடித்தெடுத்த உருவம், பின்பக்கம் தலையிலிருந்து கால்வரை ஒரே பள்ளமாக இருந்தது. கழுத்தில் நகத்தை வைத்து நெஞ்சு வரைக்கும் மெல்ல இழுத்தாள். எங்கேயும் தட்டவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.