கண்களை மட்டும் கடைசியில்

1

"தாத்தா, சாமிக்கு ஒரு கண்ணு வந்துடுச்சு. இன்னொன்னு வர்ற வரைக்கும் ஒத்தக் கண்ணாலதான் நம்மள பாக்குமா?"

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவள் சிவப்பிரியா, ஆறு வயது. வேங்கிக்காலில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. அவள் அப்பா திருமலை, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதில் ஒரு சிஎன்சி மெஷின் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால், பிட்டு என்கிற சுழலும் வெட்டுமுனை தேக்குப் பலகையின் மேல் வரிவரியாக ஓடிச் செதுக்கும். கட்டில், கதவு, ஊஞ்சல் எல்லாம் செய்வார். நான் பூஜை அலமாரி சொல்லிவைக்கப் போன அன்று, வேறு யாருக்கோ ஒரு கஜலட்சுமி ஓடிக்கொண்டிருந்தாள். இடது கண் முடிந்திருந்தது. வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பிரதோஷம் தவறாதவன். என் அலமாரிக் கதவிலும் ஒரு கஜலட்சுமி வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அண்ணாமலையார் ஊரில் இயந்திரங்களுக்கும் பக்தி உண்டு." அடித்துவிட்டேன். பொய்.

இரண்டாவது: "அன்று காலை பத்து மணிக்கு அந்த மெஷின் திருமலையின் இரண்டு விரல்களை—"

இதையும் நிறுத்திவிட்டேன். மெஷின் செய்தது என்று தொடங்கினால் எனக்கு வசதி. அதனாலேயே அப்படித் தொடங்கக் கூடாது.

3

சிற்பிகள் சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். குழந்தையின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் போய்க் கேட்டேன்.

"திருமலை, என் அலமாரிக் கதவுல சாமிக்குக் கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததெல்லாம் முடிச்சிட்டு, கடைசியில கண்ணை மட்டும் செதுக்க முடியுமாப்பா?"

"சார், மெஷினுக்குக் கண்ணு இன்னா, காது இன்னா? எல்லாம் மேடு பள்ளம்தான்."

"எனக்கு அப்படி இல்லையே."

சிரித்தார். "சரி, உங்களுக்காக ஃபைல ரெண்டா உடைக்கிறேன். மந்திரத்த மட்டும் நீங்க சொல்லிடுங்க. அது இதுல வராது."

அவர் உள்ளங்கை முழுக்க மரச்சிராய் கீறிய கோடுகள். அடுத்த முறை போனபோது ஒரு ஜோடி துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

(இங்கே ஒரு குறிப்பு. சிறிய உதவிகளால்தான் உலகம் நிற்கிறது என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் வாங்கியவை அவை. சுழலும் பிட்டின் பக்கத்தில் கையுறை ஆகாது என்று மெஷின் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். திருமலைக்கும் தெரியும். அவற்றை ஒருநாளும் போட்டதில்லை. விபத்து நடந்த அன்று மட்டும், நான் பார்க்க வருகிறேன் என்பதற்காகப் போட்டிருந்தார். கொடுத்தவர் மனம் கோணக் கூடாதாம்.)

4

விபத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். நான்காவது இது.

கண் திறப்பதை நான் பார்க்க வேண்டும் என்று தூசி உறிஞ்சும் குழாயைத் திருமலை கழற்றி வைத்தார். பிட்டு இறங்கியது. குழிந்த இடத்தில் மரத்தூள் நிறைந்து கண்ணை மூடியது. நான் சொன்னேன்:

"ஒண்ணும் தெரியலையேப்பா."

விட்டுப்போன வாக்கியம் இதுதான்.

தூளைத் தள்ளிவிட அவர் கையை நீட்டினார். பிட்டு கையுறையின் நூலைப் பிடித்துச் சுற்றியது. எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு அவர் மனைவி அருணாதேவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிறுத்தினாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஒட்டவைக்க முடியவில்லை.

5

ஆஸ்பத்திரியில் அருணாதேவி ரத்தம் காய்ந்த கையுறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பாவி இத வாங்கிக் குடுத்தான்? நீதான் போடவே மாட்டியேய்யா!"

திருமலை என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானேதான் வாங்கினேன். தேரடித் தெருவுல. உட்டுடு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். "காபி வாங்கிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

(இந்த "நான்" என்கிற பாத்திரத்தை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கும் பிடிக்கவில்லை. மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை.)

6

விபத்துக்கு முன்பே முருகவேல் என்பவர் மகள் கல்யாணத்துக்குக் கட்டில் சொல்லியிருந்தார். தலைப்பலகையில் இரண்டு மயில்கள். செதுக்கி முடித்தாகிவிட்டது. ஆனால் மெஷின் விட்டுவைத்த பிசிறை, ஒவ்வொரு இறகின் இடுக்கிலும் விரல்நுனியால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். திருமலையின் இடது கையில் தாள் நிற்கவில்லை. அருணாதேவி சமையலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் தேய்த்தாள்.

முருகவேல் செவ்வாய்க்கிழமை வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தப்பா நெனைக்காத திருமலை. அடிபட்ட கையால கல்யாணக் கட்டிலானு வீட்ல பேசிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புறேன். ரெடியா இருந்தா ஏத்திக்கிறேன். இல்லன்னா செங்கத்துல ரெடிமேடா எடுத்துக்கிறேன்."

"விரல்தாங்க கம்மி. வேலை கம்மியாவாது" என்றார் திருமலை. யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கட்டில் போகாவிட்டால் அடுத்த கட்டில் வராது. அவருக்கு இனி வேலை முடியாது என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) அருணாதேவியிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் அழுது, மன்னித்து— வேண்டாம். இதில் நான் நல்லவனாகிவிடுகிறேன். அவளுக்கு இன்னொரு பாரம்.

ஆ) கட்டில் முடியவில்லை. மெஷின் விலைபோகிறது. திருமலை எங்கோ காவலுக்கு நிற்கிறார். நடக்கக்கூடியதுதான். என் கை எழுத மறுக்கிறது.

8

புதன்கிழமை காலை கட்டு மாற்றும் நாள். இருவரும் ஆஸ்பத்திரியில், சிவப்பிரியா பள்ளிக்கூடத்தில். கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. தகரக் கதவைக் கம்பியால் முறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அருணாதேவி ஒரு மயிலின் கழுத்துவரை முடித்திருந்தாள். மற்ற மயிலைத் தொடவே இல்லை. அதன் எதிரில் உட்கார்ந்து, உப்புத்தாளை நான்காய் மடித்து, ஒவ்வொரு இறகாகத் தேய்த்தேன். தகரம் கொதித்தது. இரண்டரை மணி நேரத்தில் ஒரு மயில் முடிந்தது. என் விரல்நுனிகள் எரிந்தன. என்னிடம் பத்தும் இருந்தன.

சாயங்காலம் பார்க்கும்போது, அவள்தான் தேய்த்தாள் என்று திருமலை நினைப்பார். இடது கையாலேயே அவர் முடித்துவிட்டார் என்று அவள் நினைப்பாள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்களா, கேட்டால் என்ன ஆகும், வெள்ளிக்கிழமை வண்டி எதை ஏற்றிக்கொண்டு போகும், எனக்குத் தெரியாது. அதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு சிறு உதவி செய்ய இடம் இருக்கட்டும்.

(யாரும் பார்க்காமல் செய்ததை எழுதிவிட்டால், படிக்கிறவர்கள் பார்த்தவர்களாகிவிடுவார்கள். அதனால் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அது மயிலும் அல்ல, வேறு பறவை.)

விரல்களுக்கு ஈடு கிடையாது. அதற்கென்று நினைத்து நான் தேய்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்க்கு மட்டும்.

மடியில் கிடந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தேன். கம்பியை முன்பிருந்தபடியே மூன்று சுற்று முறுக்கினேன். தெருவில் யாரும் இல்லை.