தங்கத்தாள் சுற்றிய போத்தல்

ஞானேஸ்வரி தங்க நிறத் தாளை இழுத்துப் பிடிக்க, மாலி அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தித் தேய்த்தாள். விஸ்கிப் போத்தல் கல்யாணப் பரிசு போல மினுங்கியது. இன்னும் சற்று நேரத்தில் ஞானேஸ்வரியின் அண்ணன் உருத்திரமூர்த்தியின் சவப்பெட்டியைச் சுடலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழும்பவே இல்லை.

சுடலைப் பொறுப்பாளர் அம்ரைன் நேற்றே திட்டமாகச் சொல்லிவிட்டார். உறவினர்கள் மண்டபத்தோடு நிற்க வேண்டும், உலை அறைக்குள் யாரும் வரக்கூடாது. அப்படியானால் அண்ணனுக்குக் கொள்ளி? இந்த நாட்டில் அவருக்குச் சொந்த இரத்தமென்று இருப்பது அவள் ஒருத்திதான். முன்பின் தெரியாத ஒரு கை அவரை நெருப்புக்குள் தள்ளுவதா?

"உனக்கென்ன விசரே ஞானம்?" கணவன் குகநாதன் கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி குசினிக்குள் வந்தான். "கவுண்மென்ற் ஆளுக்குப் போத்தல் குடுக்கிறதோ? எங்கட அகதிக் கேஸே இன்னும் முடியேல்லை. பிடிச்சுப் பிளேன் ஏத்தி விட்டிடுவாங்கள்!"

"நீங்கள் ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்யேக்கை கோழி வாங்கேல்லையோ?"

"அது சனம் தானாக் கொண்டுவந்து கட்டிப்போட்டுப் போனது. நான் கேட்டனானோ?"

மாலிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று தெரிந்தது. தாய்லாந்துக்காரி, சுவிஸ்காரனைக் கட்டி இந்த எம்மன்புரூக்கே ஊருக்கு வந்தவள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஞானேஸ்வரியோடு விரிப்பு மடிக்கிறாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான்.

"என்ர அப்பா பொலிஸ்," என்றாள் அதிலேயே. "தேத்தண்ணிக்கு எண்டு கொஞ்சம் எடுப்பார். ஆனா வேலையைச் செய்து குடுப்பார். அவர் செத்த நேரம் ஊரே அழுதது. காசை எடுத்துப்போட்டு வேலையைச் செய்யாதவன்தான் கள்ளன். இது லஞ்சம் இல்லை ஞானா. நல்ல மனசு."

ஞானேஸ்வரிக்கு அண்ணன் சொன்ன கதை நினைவு வந்தது. இங்கே வருகிற வழியில் பாங்கொக்கில் பிடிபட்டபோது, அவரை விடுவித்த அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டானாம். பிறகு, வழியில் பசிக்குமே என்று ஒரு சோற்றுப் பொட்டலமும் கொடுத்தானாம்.

"அண்ணை அவனைத் தங்கமான மனுசன் எண்டுதானே சொல்லுறவர்," என்றாள்.

"அந்தச் சோறே அண்ணையின்ரை மணிக்கூட்டிலைதான் வாங்கியிருப்பான்!" என்றான் குகநாதன்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தலைப் பைக்குள் வைத்தாள்.

சுடலை மண்டபத்தில் தேவாரம் முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். உலை அறைக் கதவடியில் அம்ரைன் சாம்பல் நிறச் சீருடையில் நின்றார். மாலி கண்ணாலேயே 'போ' என்றாள். ஞானேஸ்வரி நடந்துபோய்ப் போத்தலை இரு கைகளாலும் நீட்டினாள்.

அம்ரைனின் முகம் கழுத்துவரை சிவந்தது. "என்ன இது?"

"அன்பளிப்பு." பின்னால் நின்ற மாலி கைகூப்பிச் சிரித்தாள்.

குகநாதன் ஓடிவந்து ஞானேஸ்வரியின் முழங்கையைப் பிடித்தான்.

அம்ரைன் இரு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இதை நான் கண்டால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். நான் காணவில்லை. பைக்குள் வையுங்கள்."

"பார், நல்ல ஆள்," மாலி அவள் காதுக்குள் சொன்னாள். "காணேல்லை எண்டு சொல்லச் சட்டத்திலை இருக்கோ?"

ஆனால் அவர் பெட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தப் போனார். ஞானேஸ்வரி இரவெல்லாம் பாடமாக்கிய ஜெர்மன் வசனங்கள் எங்கோ பறந்துவிட்டன.

"நான் தங்கச்சி!" என்று வாயில் வந்த உடைந்த ஜெர்மனில் கத்தினாள். மண்டபமே திரும்பியது. "எங்கட ஆக்கள்தான் நெருப்பு வைக்கோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

பாதி சாத்திய கதவு அப்படியே நின்றது. அம்ரைன் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒருவர் மட்டும்."

குகநாதன் சட்டென்று முன்னால் வந்தான். "நான் போறன். பொம்பிளையள் சுடலைக்குள்ள போறேல்லை."

அம்ரைன் கையை நீட்டி அவனை மறித்தார். "தங்கை."

ஞானேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் அவள் முழங்கையை விட்டான்.

"பிறகென்ன பார்க்கிறாய்? கெதியாப் போ, அந்தாள் மனம் மாற முன்னம்!"

உள்ளே, பெட்டி இரும்புச் சட்டங்களின் மேல் இருந்தது. அம்ரைன் சுவரிலிருந்த பொத்தானைக் காட்டிவிட்டு வெளியே போனார். அவள் அமத்தினாள். இரும்புக் கதவு மேலெழுந்தது. வெக்கை முகத்தில் அடித்தது. பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. சின்னக் கண்ணாடிக்கு அப்பால் பலகையின் ஓரம் மஞ்சளாகி, குப்பென்று பற்றியது.

"அண்ணை," என்றாள். உலையின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

திரும்பியபோதுதான் கால் குளிர்ந்தது. கோயிலுக்குள் நுழைவதுபோல வாசலிலேயே சப்பாத்துகளை உதறிவிட்டு வந்திருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். அம்ரைன் நிலத்தில் குனிந்திருந்தார். ஒன்று சரிந்தும் மற்றது கவிழ்ந்தும் கிடந்த அவளுடைய பனிச்சப்பாத்துகளைச் சோடி சேர்த்து, அவள் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.