பாலம்வரை நிற்காமல்

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெரில் நிற்காமல் ஓடியதே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு சமோவா வந்து, எங்கள் கடற்கரைக் குடிலில் தங்கியிருந்தாள். எங்கள் வாசலிலிருந்து ஊர்க்கோடிப் பாலம்வரை ஒருமுறை நிற்காமல் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஓட விட்டால்தானே.

முதல் நாள் ஓடக் கிளம்பியவள், பக்கத்து வீட்டுத் தனியேலுவின் வண்டியில் வந்து இறங்கினாள்.

"லகி அக்கா, உங்க விருந்தாளி ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தாங்க. யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா ஓடுறா."

"சும்மா யாராச்சும் ஓடுவாங்களா?"

"நான் ஏற மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள் மெரில்.

"கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் பஸ்காரர் ஏற்றிக்கொண்டார். அதற்கடுத்து பாதிரியாரின் மனைவி. அவர் காரில் ஏறாமல் இருக்க முடியுமா?

கடைசி நாள் மாலை மெரில் சொன்னாள்: "நாளைக்குக் காலையில கப்பல். இன்னிக்கு விட்டா போச்சு."

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"இனிமே நடந்தா போதும்னாரு."

"நடந்தா என்னவாம்?"

"நீங்க வேற, லகி."

நான் வீடு வீடாகப் போய், யாரும் அவளை வண்டியில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மழை விட்டதும் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது.

மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதினால், மறுசங்குவரை எங்கள் ஊரில் வீதியில் யாரும் அசைவதில்லை. அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

ஜெபம் முடிந்ததும் அவள் நடந்து வந்தாள். கூடவே, ஜெப நேரத்தில் யாரும் அசையாதபடி வீதியில் காவல் நின்ற புலோடுவும்.

"பாலம் தெரியுற எடத்துல கையக் காட்டி நிறுத்திட்டேன்," என்றான். "புல்லுல உக்காந்துட்டாங்க. எழுந்து மிச்சத்த ஓடுங்கன்னா, கேக்கல."

"நின்னாச்சே," என்றாள் மெரில்.

"ஊரே நின்னுச்சு. அது கணக்குல வராதுங்க."

"உங்களுக்கு வராது. எனக்கு வரும்."

வாசல் கம்பத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது," என்று முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

ஜெபம் முடிந்தால் எல்லா வீட்டிலும் சாப்பாடு. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. வீதியில் போகிறவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. வண்டியைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"வாம்மா, சாப்பிடு," என்றது முதல் வீடு.

"திரும்பி வரும்போது," என்றாள்.

"மீன் இருக்கு, வா."

"வரும்போது."

"அட, ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடேன். பாலம் எங்க போயிடப் போகுது?"

இதற்குச் சொன்ன பதிலில் மூச்சுதான் அதிகம். வீதி வளைந்து அவள் மறைந்தாள். கூப்பிடும் குரல்கள் மட்டும் ஒவ்வொரு வீடாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. நின்றிருந்தால் ஒரு வீட்டோடு முடிந்திருக்கும். கடைசி வீட்டுக் குரலும் கேட்டு அடங்கியது.

அவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். நொண்டிக்கொண்டு, கையில் சுட்ட ஈரப்பலாக்காயோடு.

"எங்கயாச்சும் நின்னியா?"

"எல்லா வீட்டுலயும். வர்றப்ப."